பட்டறிவின் பாதைகள்: தருமபுரியில் யானையும் மனிதரும் கற்றவை

2023 பிப்ரவரி 5ஆம் தேதி தருமபுரி மாவட்டத்தின் பாலக்கோடு பக்கத்தில் ஒரு மக்னா யானையை வனத்துறை மயக்க ஊசி போட்டுப் பிடித்தது. தந்தம் இல்லாத ஆண் யானையை மக்னா என்பார்கள். பல காலமாக வயல்களில் இறங்கிப் பயிரைத் தின்று பழகியிருந்த அதை லாரியில் ஏற்றிக்கொண்டு போய், ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் டாப்சிலிப்பை ஒட்டிய வரகளியாறு காட்டில் விட்டார்கள். அந்த மாதம் முடிவதற்குள் அது காட்டைவிட்டு இறங்கி, பொள்ளாச்சி வழியாக நடந்து, கோவை நகரத்தின் ஓரத்துக்கே வந்துவிட்டது. மறுபடியும் பிடித்து மானாம்பள்ளிக் காட்டில் விட்டார்கள். அங்கிருந்தும் இறங்கிப் பொள்ளாச்சி அருகே சரளப்பதித் தோப்புகளில் திரிந்தது. ஜூலை 31ஆம் தேதி மூன்றாம் முறையாகப் பிடித்து, வால்பாறைக்கு அப்பால் சின்னக்கல்லாறு பகுதியில் கொண்டுபோய் விட்டார்கள்.

பாலக்கோட்டில் இந்த மக்னாவைப் பிடிக்க வந்த கும்கி சின்னத்தம்பி. 2019ஆம் ஆண்டில் கோவைத் தடாகம் பகுதியிலிருந்து பிடிக்கப்பட்டு, இதே வரகளியாற்றில் விடப்பட்டு, இதேபோல ஊருக்குத் திரும்பி வந்த யானைதான் அது. பிறகு முகாமில் பழக்கப்பட்டு, காட்டு யானையை அடக்க உதவும் கும்கியாக மாறியது. மக்னாவை இடம் மாற்றினார்கள். அதன் பழக்கம் மாறவில்லை. சின்னத்தம்பிக்குச் சுற்றியிருந்த வாழ்க்கையே மாறியது; அதன் நடத்தை தலைகீழானது. கற்றல் பற்றிய பெரிய கேள்விகள் பலவற்றுக்கு இந்த இரண்டு யானைகளின் கதையில் விடை தொடங்குகிறது.

தனி மனிதர், சமூகம், விலங்கு ஆகிய மூன்றும் எப்படிக் கற்கின்றன, எப்படி மாறுகின்றன என்று தனித்தனியாக ஆராய்ந்தவர்கள் பலர். தருமபுரி மாவட்டத்தில் இந்த மூன்றையும் ஒரே நிலத்தில் வைத்துப் பார்க்க முடியும். பார்த்த அளவில் என் முடிவு இது: பலன் உடனே கிடைக்கும் எதையும் உயிர்கள் விரைவாகக் கற்கின்றன, அது நல்லதா கெட்டதா என்ற பேதம் அங்கே இல்லை. பலனோ கேடோ தாமதமாக வந்தால் தனி உயிரால் கற்க முடிவதில்லை. அங்கே நினைவையும் கணக்கையும் வைத்திருக்கும் ஒரு கூட்டமோ அமைப்போ தேவைப்படுகிறது. அந்த நினைவை அழித்தால் கற்றதும் சேர்ந்து அழிகிறது.

முதலில் யானைகள். 1980-களில் ராமன் சுகுமார் சத்தியமங்கலம், சாமராஜநகர் காடுகளில் செய்த ஆய்வு இன்றும் இந்தத் துறைக்கு அடித்தளம். வளர்ந்த ஆண் யானை ஒன்று ஆண்டுக்கு ஏறத்தாழ ஐம்பது இரவுகள் வயலில் இறங்கியது. குடும்பக் கூட்டமாக வாழும் பெண் யானைகள் இறங்கிய இரவுகள் பத்தைக்கூட எட்டவில்லை. காட்டுப் புல்லைவிடக் கதிர் பிடித்த ராகியில் சத்து அதிகம். உடல் தேறிய ஆணுக்கு மதம் பிடிப்பதிலும் இணை சேர்வதிலும் வாய்ப்பு கூடும். அதனால் வெடிக்கும் துப்பாக்கிக்கும் அஞ்சாமல் அது வருகிறது. குட்டியோடு இருக்கும் பெண்ணுக்கு அதே ஆபத்து கட்டுப்படியாகாது. யானை திருட்டுக் குணம் கொண்டது என்று கோபத்தில் சொல்லலாம். ஆனால் இது பல்லாயிரம் தலைமுறையாக உடம்பில் ஊறிய வரவுசெலவு.

அண்மையில் இன்னொரு மாற்றம் தெரிய வந்திருக்கிறது. நிஷாந்த் சீனிவாசையாவும் உடன் பணியாற்றியவர்களும் தென்னிந்தியாவில் 248 ஆண் யானைகளைப் புகைப்படத்தால் அடையாளம் கண்டு, 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தாய்க் கூட்டத்தை விட்டுப் பிரிந்த ஆண் தனியாகத் திரியும் என்பதுதான் நாம் கேட்டு வந்தது. ஆனால் காடு சிதறி வயலும் ஊரும் நிறைந்த பகுதிகளில் ஆண்கள் பெரிய, நிலையான கூட்டங்களாகச் சேர்ந்து வாழ்கின்றன. இளம் ஆண் தன்னைவிட மூத்த ஆணோடு நடந்து, எந்த வழி பாதுகாப்பு, எந்த ஊர் ஆபத்து என்று தெரிந்துகொள்வதற்கு இது வாய்ப்பளிக்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரங்களில் ஒற்றை யானை என்ற சொல்லோடு ‘ஆண் கூட்டம்’ என்ற பேச்சும் இன்று கேட்பதற்குக் காரணம் இதுதான். சூரிய மின்வேலியின் கம்பியைத் தந்தத்தால் இழுத்தால் ஷாக் அடிக்காது என்பதும், வேலியின் மேல் மரத்தைச் சாய்த்தால் வழி திறக்கும் என்பதும் பல காடுகளில் யானைகள் தாமாகக் கண்டுபிடித்தவை.

அடுத்து குரங்குகள். ஒகேனக்கல் போகிறவர்கள் அவற்றிடம் தின்பண்டப் பையைப் பறிகொடுப்பது சாதாரணம். பந்திப்பூரில் நாட்டுக் குரங்குகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டவர்கள், அவை கையை நீட்டி, ஒரு தனிக் குரலும் கொடுத்து, மனிதரிடம் உணவு கேட்கக் கற்றிருப்பதைப் பதிவு செய்தார்கள். காட்டில் தங்களுக்குள் அப்படி அவை கேட்பதில்லை. நம்மைப் பார்த்து, நமக்காகவே உண்டாக்கிக்கொண்ட பழக்கம். கற்றுக் கொடுத்தவர்கள் நாம் என்பதால் பழியும் நம்முடையது.

தனி விலங்கு கற்பதைவிடக் கூட்டம் கற்பது ஆழமான விஷயம். ஜப்பானின் கோஷிமா தீவில் 1953இல் ஒரு குட்டிப் பெண் குரங்கு, மண் ஒட்டிய சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தண்ணீரில் கழுவித் தின்னத் தொடங்கியது. அதன் வயதுத் தோழர்களும் தாயும் முதலில் கற்றார்கள். பிறகு அந்தப் பழக்கம் தாய்களிடமிருந்து குட்டிகளுக்குப் போனது. வயதான ஆண்களில் பெரும்பாலோர் கடைசிவரை கற்கவே இல்லை. புதியதை இளையவர் கொண்டு வருகிறார்கள். பழையதைக் காப்பது மூத்தவர்கள். யானைகளில் இது இன்னும் தெளிவு. கென்யாவின் அம்போசெலியில் செய்த ஆய்வு 2001இல் வெளியானது: வயது முதிர்ந்த தலைவி உள்ள கூட்டம், கேட்கும் குரல் தெரிந்த யானையுடையதா அந்நிய யானையுடையதா என்பதைத் தெளிவாகப் பிரித்தறிந்தது, அந்தக் கூட்டங்களில் குட்டிகளும் அதிகம். தான்சானியாவில் 1993இல் வந்த கடும் வறட்சியில், பழைய வறட்சியைக் கண்டிருக்கக்கூடிய வயதுடைய யானைகள் இருந்த கூட்டங்கள் வறண்ட காப்பகத்தை விட்டு வெளியேறிக் குட்டிகளைக் காத்தன. அப்படி யாரும் இல்லாத கூட்டம் அங்கேயே நின்று குட்டிகளை இழந்தது.

நம் மண்ணிலும் வறட்சி யானைகளை நகர்த்தியிருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் ஓசூர், தருமபுரிக் காடுகளிலிருந்து சில யானைகள் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்துக்கு நடந்தன. இருநூறு ஆண்டுகளாக யானை இல்லாத பகுதி அது. யானைகளுக்குப் புது நிலம் கிடைத்தது. அங்கிருந்த மக்களுக்கோ யானையோடு வாழும் பட்டறிவு எப்போதோ போய்விட்டிருந்தது. இரவில் எப்படி நடப்பது, எதிரில் நின்றால் எப்படி விலகுவது என்று சொல்லித்தர ஒரு பாட்டனும் இல்லை. மனித உயிர்கள் பல போயின, யானைகளும் செத்தன. 1990இல் அங்கே கௌண்டின்யா சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ஒரு சமூகம் எதை மறந்துவிட்டது என்பதை, அது திரும்ப வரும் நாளில்தான் உணர்கிறது.

இப்போது கசப்பான இடத்துக்கு வருகிறேன். மக்னாவைப் பிடித்து ஒரு மாதம் கழித்து, 2023 மார்ச்சில், மாரண்டஅள்ளி அருகே ஒரு நிலத்தைச் சுற்றிச் சட்டவிரோதமாக இழுத்திருந்த மின்கம்பியில் சிக்கி மூன்று பெரிய யானைகள் ஒரே இரவில் இறந்தன. கூட இருந்த இரண்டு குட்டிகள் பிழைத்து, செத்தவற்றைச் சுற்றியே நின்றன. முறையான சூரிய வேலி துடிப்புத் துடிப்பாக மின்சாரத்தை அனுப்பும். தொட்ட விலங்கு திடுக்கிட்டு விலகும், உயிர் போகாது. பம்புசெட் இணைப்பிலிருந்து நேராக இழுத்த கம்பி கொல்லும். கொல்லும் கம்பி எதையும் கற்பிப்பதில்லை. வலிக்கும் வேலியிடம் யானை பாடம் கற்கும். செத்த யானை எதைக் கற்று எதற்குச் சொல்லித்தரும்? தப்பிய இரண்டு குட்டிகளும், வழியும் தண்ணீரும் பஞ்ச காலமும் அறிந்த மூத்தவர்களை இழந்தன.

மூத்தவரை இழந்த இளம் யானைகள் எப்படி ஆகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவில் சான்று இருக்கிறது. பிலானஸ்பர்க் காப்பகத்துக்குக் கொண்டுவரப்பட்டவை, பெரியவர்கள் கொல்லப்பட்டு அனாதையான குட்டிகள். வளர்ந்து ஆளான அந்த இளம் ஆண்கள் 1990-களில் நாற்பதுக்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998இல் க்ரூகர் பூங்காவிலிருந்து ஆறு மூத்த ஆண் யானைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். கொலைகள் நின்றன. தண்டனையோ வேலியோ செய்யாத வேலையைப் பெரியவர்களின் இருப்பே செய்தது.

கம்பி இழுத்த விவசாயியைச் சட்டம் தண்டிப்பது சரி. ஆனால் அந்தக் கம்பியும் கற்றுக்கொண்ட ஒரு வழக்கம்தான் என்பதை மறக்கக் கூடாது. பரண் கட்டிப் பட்டாசு கொளுத்தி, டின் தட்டி, இரவெல்லாம் விழித்தும் ராகியும் கரும்பும் போன ஒருவர், பக்கத்து நிலத்துக்காரர் கம்பி இழுத்ததும் பன்றி வராமல் போனதைப் பார்க்கிறார். பலன் அன்றைக்கே தெரிகிறது. இழப்பீட்டுக்கு விண்ணப்பித்தவருக்குப் பணம் எப்போது வரும் என்று தெரியாது. வேகமாகப் பலன் தரும் வழியைத்தான் அவரும் கற்பார். யானைக்குச் சொன்ன அதே விதி இங்கேயும் பொருந்துகிறது.

மாற்று வழியும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. வால்பாறையில் ஆனந்தகுமாரும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினரும் இறப்புகளை ஒவ்வொன்றாகக் கூர்ந்து பார்த்தபோது, யானை அங்கே நிற்பது தெரியாமல் எதிரில் போய் மாட்டிக்கொண்டவர்களே அதிகம் என்று கண்டார்கள். எஸ்எம்எஸ் செய்தி, உள்ளூர் கேபிள் டிவியில் அறிவிப்பு, செல்பேசியால் இயக்கும் சிவப்பு விளக்கு என்று தகவலை உடனே ஊருக்குத் தந்தார்கள். இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. மக்களுக்கு அறிவுரை சொல்வதைவிட, முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் தேவையான செய்தியைக் கையில் கொடுப்பது பெரிய கல்வி என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

கேடு தாமதமாக வரும்போது என்ன ஆகும்? தருமபுரியின் தண்ணீரே பதில். கிணறுகள் வற்றியதால் பாறைக்குள் ஆழமாகப் போர் போட்டார்கள். அந்த நீரில் ஃபுளோரைடு இருந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கக் கூடாது என்கிறது இந்தியத் தரநிலை. ஆனால் அதற்கு நிறமில்லை, வாடையில்லை, குடித்த அன்று எந்த நோவும் இல்லை. பிள்ளைகளின் பல்லில் கறை படிய ஆண்டுகள் ஆகும். முதுகும் முழங்காலும் இறுக இன்னும் பல ஆண்டுகள் ஆகும். கெட்டுப்போன சோற்றை ஒரு தடவை தின்றாலே அடுத்த தடவை நாக்கு மறுக்கிறது. இந்தத் தண்ணீரை எந்த நாக்கும் மறுக்கவில்லை, மாடும் மறுக்கவில்லை. நெல்லூர் வட்டாரத்தில் எலும்பைப் பாதிக்கும் இந்த நோய் 1937இலேயே மருத்துவ இதழில் பதிவானது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஃபுளோரோசிஸ் தடுப்பு என்ற பெயரையும் தாங்கி, ஜப்பானியக் கடனுதவியோடு 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. இடையில் போனவை எழுபத்தாறு ஆண்டுகள். தனி மனிதரால் ஒருபோதும் கற்க முடியாத ஒன்றை ஆய்வுக்கூடமும் பதிவேடும் கற்றன. கற்றதைக் குழாயாக மாற்ற அரசுக்கு அத்தனை காலம் பிடித்தது.

தாமதம் அரசு என்ற அமைப்பையும் கற்கவிடாமல் செய்கிறது. 1992 ஜூன் 20ஆம் தேதி அரூர் அருகே வாச்சாத்தி மலைவாழ் மக்கள் மீது வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் நடத்திய கொடுமையில் 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். 269 பேர் மீது வழக்கு. 2011 செப்டம்பர் 29ஆம் தேதி தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் 54 பேர் இறந்திருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று அறிவிக்கப்பட்டார்கள். 2023 செப்டம்பர் 29ஆம் தேதி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தப் பெண்கள் விடாமல் நின்றது ஒரு பெரும் வெற்றி. ஆனால் சீருடை அணிந்தவருக்குப் பாடம் புகட்ட வேண்டிய தண்டனை, பலர் ஓய்வு பெற்று, சிலர் இறந்த பிறகு வந்தது. அதனால் நிறுவனம் எவ்வளவு கற்றது என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

சமூகம் கெட்டதையும் கற்கும், கற்றதைக் கைவிடவும் செய்யும் என்பதற்குத் தருமபுரியின் பெண் குழந்தைகள் சாட்சி. பெண் சிசுக்கொலையைத் தொன்றுதொட்ட வழக்கம் என்று நினைப்பவர்கள் உண்டு. பல சமூகங்களில் மாப்பிள்ளை வீட்டார் பரிசம் போட்டுப் பெண் எடுத்த காலம் பாட்டிகளின் நினைவிலேயே இருக்கிறது. பணம் புழங்கப் புழங்க, மேல்நிலைக் குடும்பங்களைப் பார்த்து மற்றவர்கள் வரதட்சணைக்கு மாறினார்கள். இரண்டு தலைமுறைக்குள் பெண் பிள்ளை கடன் என்றாயிற்று. சிசுவைக் கொல்லும் கள்ளிப்பால் அதற்குப் பின்னால் பரவியது. 2001 கணக்கெடுப்பில், இன்றைய தருமபுரி எல்லைக்குள் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு ஆறு வயதுக்குட்பட்ட பெண் குழந்தைகள் 826 பேரே.

2011இல் அது 913 ஆனது. பத்தாண்டில் இவ்வளவு ஏற்றம் எளிதில் வருவதில்லை. வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் ஒப்படைக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் வந்தது. அதற்கு முன்பே 1990-களின் பிற்பகுதியில், ஷீலா ராணி சுங்கத் போன்ற அதிகாரிகளும் வெங்கடேஷ் ஆத்ரேயா போன்ற ஆய்வாளர்களும் முன்னின்று, கலைப்பயணம் என்ற பெயரில் வீதி நாடகக் குழுக்களை ஊர் ஊராக அனுப்பினார்கள். குழந்தையைக் கொல்வது என்ற முடிவைத் தாய் தனியாக எடுப்பதில்லை. மாமியார், கணவர், ஊர்ப்பேச்சு எல்லாம் சேர்ந்தே எடுக்கிறது. அதனால் தாய்க்கு மட்டும் புத்தி சொன்னால் பயனில்லை. ஊர் நடுவில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்த நாடகம், ரகசியமாக நடந்ததைப் பொதுப் பேச்சாக்கியது. இதைக் கற்றலின் உயர்ந்த வடிவமாக நான் கருதுகிறேன்.

இதற்கு நிலம் பண்படுத்தியது இன்னொரு முயற்சி. தமிழ்நாட்டின் முதல் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989இல் தருமபுரி மாவட்டத்தில்தான், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கின. கையெழுத்துப் போட, கணக்கு எழுத, வங்கி மேலாளர் முன் உட்கார்ந்து பேச அந்தப் பெண்கள் பழகினார்கள். சேமித்த பணம் கண் முன் வளர்ந்தது. வாங்கிய கடனை அடைத்தால் அடுத்த கடன் வந்தது. பலன் உடனுக்குடன் தெரிந்ததால் பழக்கம் நிலைத்தது. பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் பாராமகால் எனப்பட்ட இந்த வட்டாரத்தில் கம்பெனி அதிகாரிகள் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து கற்ற ரயத்துவாரி வரிமுறை சென்னை மாகாணத்துக்கே போனது. இந்தத் தடவை இந்த மாவட்டத்திலிருந்து வெளியே போனது பெண்கள் கற்ற பாடம். எனக்கு அதில் பெருமை அதிகம்.

முழு வெற்றி என்று சொல்லிவிட முடியாது. வரதட்சணை போகவில்லை. 1994இலேயே சட்டம் தடுத்த பாலினம் கண்டறியும் ஸ்கேனைத் திருட்டுத்தனமாக நடத்திய கும்பல்கள் தருமபுரியில் அண்மை ஆண்டுகளிலும் பிடிபட்டிருக்கின்றன. கொல்லும் முறையை மட்டும் கைவிட்டு, காரணத்தை வைத்துக்கொண்டால், சமூகம் புதிய முறையைக் கற்றுக்கொள்ளும்.

படிப்பிலும் தொடர்ச்சி முக்கியம். 2011இல் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி, 68.5 சதவீதம். 1990-களின் அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்றவர்களில் பலர், படிக்க ஒன்றும் கிடைக்காமல் மறந்தார்கள். மறதி எவ்வளவு வேகமானது என்பதை ஜெர்மன் உளவியலாளர் எப்பிங்ஹாஸ் 1885இலேயே அளந்து காட்டிவிட்டார். மறந்ததை இரண்டாம் முறை கற்பது எளிது என்றும் அவரே கண்டார். ஊர்தோறும் ஒரு நல்ல நூலகம் இருந்திருந்தால் அந்த உழைப்பு வீணாகியிருக்காது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்து, ஆள்வோருக்கும் அதிகாரிகளுக்கும் நான் வைக்கும் கோரிக்கைகள் சிலவே. யானை தின்ற பயிருக்கான இழப்பீடு அடுத்த விதைப்புக்குள் விவசாயியின் கணக்கில் ஏற வேண்டும். 2023இல் வந்த மின்வேலி விதிகளின்படி அனுமதி பெற்ற சூரிய வேலிக்குச் சிறு விவசாயிகளுக்கு மானியம் தாராளமாகத் தர வேண்டும்; நேரடியாக இழுத்த கம்பிகளை மின்வாரியமும் வனத்துறையும் அறுவடைக் காலத்துக்கு முன்பே சேர்ந்து போய்க் கழற்ற வேண்டும். வால்பாறையில் பலித்த எச்சரிக்கை முறையைப் பாலக்கோட்டுக்கும் பென்னாகரத்துக்கும் கொண்டுவர வேண்டும். வயது முதிர்ந்த யானைகளை இழக்காமல் காப்பதைக் குட்டிகளைக் காப்பதன் முதல் படியாகக் கொள்ள வேண்டும். இவை எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை, அடுத்த ராகி அறுவடைக்குள் தொடங்கிவிடலாம்.